மெஷின் நின்ற நேரம்

அக்டோபர் 9, திங்கள்

மூளையின் இடது பக்கம், பேச்சுக்குரிய இடத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. ஊசி போட்டிருக்கிறார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. தகவல்: டாக்டர் ஏசுவடியான், பகல் 1.20, ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது.

வடிவின் வலது கையும் வலது காலும் அசையவில்லை. கண் திறந்திருக்கிறது. என்னைப் பார்த்தாள்.

தையல் மெஷின் முன்னால் சரிந்து கிடந்தவளை முதலில் பார்த்தது எதிர்வீட்டு மைமூன். ஜாக்கெட்டுக்கு ஹூக் கட்டிக் கொடுக்க தினமும் வருகிறவள். நேரம் காலை 10.25. "எத்தனை மணிக்கு ஆச்சு?" என்று டாக்டர் கேட்டபோது அதையே சொன்னேன்.

வீட்டில் கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவர்தான். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 11, புதன்

வாய் திறந்தாள். "சரி" என்றாள்.

தண்ணீர் வேண்டுமா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. உன் பெயர் என்ன என்று டாக்டர் கேட்டதற்கும் சரி. வேறு வார்த்தை வரவில்லை. சொல்ல நினைப்பது உள்ளே இருக்கிறது, வெளியே வருவது இந்த ஒன்றுதான் என்கிறார் டாக்டர். "ரொம்பப் பழகின வார்த்தைதான் இப்படித் தங்கும். வீட்ல அடிக்கடி சொல்லுவாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஆம் என்றேன்.

அக்டோபர் 13, வெள்ளி

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்தாள். பெயர் பெனிட்டா. முப்பது வயதிருக்கும். வடிவின் இடது கையைப் பிடித்து மேசையில் தட்ட வைத்தபடி முனகிக் காட்டினாள். பிறகு என்னை வராந்தாவுக்கு அழைத்தாள்.

"பேச்சு போனவங்கள்ல சில பேருக்குப் பாட்டு போறதில்ல சார். பாட்டைப் பிடிச்சுக்கிட்டு வார்த்தை வரும். எல்லாருக்கும் வரும்னு சொல்ல மாட்டேன். அவங்க வாயிலேயே நிக்கிற பாட்டு எது?"

"விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "விசாரிச்சா?"

அக்டோபர் 14, சனி

தென்காசியிலிருந்து வடிவின் தம்பி நயினார் வந்தான். அவனிடம் கேட்டேன்.

"சாமிப் பாட்டுன்னா அக்காவுக்கு உசிரு அத்தான். மார்கழி பூரா கோயில்ல மைக்கு அவ கையிலதான் இருக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

போனில் நாற்பத்திரண்டு பாட்டு ஏற்றினேன். வரிகளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்தேன். இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்று தோன்றியது.

அக்டோபர் 16, திங்கள்

முதல் பாட்டு பத்து நொடி ஓடியிருக்கும். இடது கையால் போனைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்து அதன் மேல் தலையை வைத்துக்கொண்டாள். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு "சரி" என்றாள். அந்த "சரி"யை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நயினாருக்குப் போன் செய்தேன். அக்கா கோயிலில் பாடியது எந்த வருஷம்?

"அவ கல்யாணத்துக்கு முந்தி அத்தான். எண்பத்தெட்டு, எண்பத்தொம்பது."

ஒரே ஒருவர் சொன்னதை வைத்துச் செய்தி போடக் கூடாது. சொன்னவரிடம் தகவல் எந்தத் தேதிக்குரியது என்று கேட்க வேண்டும். வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதல் வாரத்திலேயே நான் சொல்வது இது.

அக்டோபர் 17, செவ்வாய்

வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். திங்கள், புதன், வெள்ளி பயிற்சிக்குப் போக வேண்டும். வடிவு தையல் அறைக் கதவைப் பார்த்தாள். நான் சாத்தி வைத்திருந்தேன்.

அக்டோபர் 20, வெள்ளி

பெனிட்டா கெடு சொன்னாள். நவம்பர் 15 வரை பாட்டு வழியில் முயல்வாள். அதற்குள் "சரி" தவிர ஒரு வார்த்தையும் வராவிட்டால் படப் பலகைக்கு மாற்றிவிடுவாள். "முதல் மூணு மாசம் முக்கியம் சார். ஒரே வழியில நின்னுக்கிட்டு நேரத்தை விட முடியாது."

பலகையையும் காட்டினாள். பதினாறு படங்கள். தண்ணீர், சோறு, மாத்திரை, கழிப்பறை, வலி, மின்விசிறி. வேண்டியதை விரலால் தொட்டால் போதும். வடிவு ஒவ்வொரு படமாக நிதானமாகப் பார்த்தாள். பிறகு பலகையைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

தையல் மெஷின் படம் அதில் இல்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

தீபாவளிக்கு மூன்று வாரம். துணி கொடுத்தவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வெட்டியும் தைத்தும் பாதியில் நின்ற ஜாக்கெட் பதினொன்று. திருப்பிக் கொடுப்பதற்காக அறையைத் திறந்தேன்.

நூல்கண்டுகளைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறாள். நம்பர்படி இருக்கும் என்று நினைத்துத் தேடினேன். நம்பர்படி இல்லை. எலுமிச்சை மஞ்சளில் தொடங்கி, மாம்பழம், செங்கல், குங்குமம், நாவல் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறிப் போகிறது. எங்கே மஞ்சள் முடிந்து சிவப்பு தொடங்குகிறது என்று விரலை வைத்துப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை. இந்த அறைக்கு வெளியே பதினெட்டு வருஷமாக உட்கார்ந்து செய்தி எழுதுகிறேன்.

தபால் ஆபீசில் வேலை பார்க்கும் அம்மாள் தன் ஜாக்கெட்டை வாங்க மறுத்துவிட்டாள். முதுகுப் பக்கம் ஒரு கிளி, பாதி இறக்கையோடு நிற்கிறது. "அதை வேற யாருட்ட அண்ணாச்சி கொடுக்க? அவங்களே எந்திரிச்சுத் தச்சுத் தரட்டும். நான் பழசைப் போட்டுக்கிடுதேன்" என்றாள். போகும்போது, "உங்க வீட்டுக்கு வந்தாலே ஒரு கச்சேரி கேட்டுட்டுப் போன மாதிரி இருக்கும்" என்றாள்.

என்ன கச்சேரி என்று கேட்பதற்குள் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

அக்டோபர் 24, செவ்வாய்

மைமூன் கஞ்சி கொண்டு வந்தாள். நேராகக் கேட்டேன்: வடிவு பாடுவாளா?

அவள் தலையில் போட்டிருந்த துணியைச் சரிசெய்தாள். "மெஷின் ஓடுறப்போ ஏதாவது சொல்லிக்கிட்டு இருப்பாக."

"என்ன பாட்டு?"

"சினிமாப் பாட்டெல்லாம் இல்ல. அவுகளே கட்டுறது. அளவெடுக்க வந்த ஆளைப் பத்தி, அவ மாமியாளைப் பத்தி, கொழுத்த கையைப் பத்தி. பொம்பளையாளு விளையாட்டு. அதைப் போயி நீங்க எழுதிக்கிட்டு..."

"எத்தனை வருஷமா?"

"நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்ததுல இருந்து அண்ணாச்சி. தெருவுல எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குக் கேட்டதில்லையே."

"மெஷின் நின்னா அவுகளும் நிப்பாட்டிருவாக. மெஷின் சத்தத்துக்குள்ளதான் பாடுவாக."

மெஷின் சத்தம் எனக்குப் பழக்கம். வெளித்திண்டில் உட்கார்ந்து எழுதும்போது அது நின்றால் தெரிந்துவிடும். 9ஆம் தேதி அது நின்ற நேரம் பற்றி என்னிடம் ஒரு தகவல் இருக்கிறது. இன்று அதை எழுதவில்லை.

அக்டோபர் 25, புதன்

பீரோவின் மேல்தட்டிலிருந்து பழைய டைரிகளை இறக்கினேன். 1996, ஆகஸ்ட் 12:

"மாலை 7 மணி. மதுரை ஆபீசுக்குப் போனில் செய்தி சொல்லிக்கொண்டிருக்கும்போது வீட்டில் பாட்டுச் சத்தம். எதிர்முனையில் இரண்டு முறை 'என்ன சொன்னீங்க' என்று கேட்டார்கள். வடிவைக் கண்டித்தேன். இனி இராது."

அன்று என்ன செய்தி சொன்னேன் என்று அதில் எழுதவில்லை. நினைவும் இல்லை.

அக்டோபர் 28, சனி

மைமூன் ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்டாள். என் பக்கம் பார்க்காமல், வாசலைப் பார்த்து நின்றுகொண்டு பாடினாள். நான் குறிப்பெடுத்தேன்.

ஊருச் சேதி அள்ளி வரும் ராசா – உன்
சட்டைப் பித்தான் அறுந்ததென்ன லேசா?

"இது யாரைப் பற்றி?" என்று கேட்டேன்.

"கேக்கீயளே அண்ணாச்சி" என்றாள். சிரிப்பை அடக்க தலைத்துணியை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

சட்டையைப் பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது பித்தான் இல்லை. 9ஆம் தேதிக்கு முன்னால் அது ஒருநாளும் இல்லாமல் இருந்ததில்லை.

இதே போல இரண்டு வரியில் இன்னொரு அடி இருப்பதாகச் சொன்னாள். அதைச் சொல்ல முடியாதாம்.

அக்டோபர் 30, திங்கள்

பெனிட்டா முன்னிலையில் இரண்டு வரியையும் வடிவுக்குப் படித்துக் காட்டினேன். முதல் வரியிலேயே திடுக்கிட்டாள். இடது கையால் முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் என்னைப் பார்த்தாள். "சரி?" என்றாள். கேள்வியாக. வேறெதுவும் வரவில்லை.

துணைக்கு வந்திருந்த மைமூன் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "நீங்க வாசிக்கிய அண்ணாச்சி. சாவு அறிவிப்பு சொல்லுத மாதிரி இருக்கு. அது பாட்டு."

நவம்பர் 1, புதன்

பாடிப் பார்த்தேன். குளிக்கிற அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. "ராசா" என்ற இடத்தில் நீட்ட வேண்டும், எனக்கு அங்கே மூச்சு நின்றுவிடுகிறது. மைமூன் பாடும்போது "உன்" என்ற சொல் மேல் வரியில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. கேட்பவரை அடுத்த வரிக்குக் கையைப் பிடித்து இழுக்கிறது. நானாக இருந்தால் அதைக் கீழ் வரியில்தான் போட்டிருப்பேன். அங்கே போட்டால் பாட்டு செத்துப்போகிறது. இரண்டு வரியில் இத்தனை வேலை.

மழை. பின்கட்டுத் தகரத்தில் விழுகிறது. முதலில் ஒரே சத்தமாக இருந்தது. நெடுநேரம் கேட்ட பிறகு மூன்று இடங்களில் மூன்று விதமாக விழுவது தெரிந்தது. வடிவு முதலிலேயே அந்தப் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 3, வெள்ளி

திருத்தம்.

அக்டோபர் 9 குறிப்பில் வடிவு சரிந்த நேரம் 10.25 என்று பொருள்படும்படி எழுதியிருக்கிறேன். அது மைமூன் பார்த்த நேரம். மெஷின் நின்றது 10.05. நான் வீட்டில், பதினைந்து அடி தூரத்தில், அணை நீர்மட்டச் செய்தியை எழுதிக்கொண்டிருந்தேன். மெஷின் நின்றதும் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்பாடா, அமைதி என்று நினைத்தேன். செய்தியை முடித்து அனுப்பினேன். உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

இதை இன்று டாக்டர் ஏசுவடியானிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"அந்த இருபது நிமிஷத்துல பெரிசா மாறியிருக்காதுன்னு நினைக்கிறேன்" என்றார். "மாறியிருக்கவே இருக்காதுன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

இரண்டு வாக்கியத்தையும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

நவம்பர் 4, சனி

வடிவிடமும் சொன்னேன். பத்து இருபத்தஞ்சு அல்ல, பத்து அஞ்சு என்று நேரத்தோடு சொன்னேன். நெடுநேரம் என்னைப் பார்த்தாள். "சரி" என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

நவம்பர் 6, திங்கள்

பயிற்சிக்கு வர மறுத்துவிட்டாள். ஆட்டோ வாசலில் காத்திருந்து திரும்பிப் போனது.

நவம்பர் 8, புதன்

இன்றும் வரவில்லை. பெனிட்டா போனில் சொன்னாள்: "பதினஞ்சாம் தேதி அவங்களைக் கூட்டிட்டு வந்துருங்க சார். பலகைக்குத் தேவையான படங்களை எடுத்து வைக்கிறேன். வீட்ல அவங்க புழங்குற சாமான் படமும் நாலஞ்சு கொண்டு வாங்க."

எதைப் படம் எடுப்பது?

நவம்பர் 10, வெள்ளி

மைமூனிடம் இரண்டாவது அடியைச் சொல்லச் சொன்னேன். முடியாது என்றாள். கெடுவைச் சொன்னேன். பலகை பற்றியும் சொன்னேன்.

"சொன்னா கோவிச்சுக்கிடக் கூடாது."

"இல்லை."

கேட்ட சேதி எழுதினது நூறு – என்
பாட்டுச் சேதி கேட்டுப் போக யாரு?

பாடிவிட்டு அவளே அழுதாள். முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். 9ஆம் தேதி காலை எட்டு மணிக்கு வடிவு அவளை வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். "மூணாவது அடி கட்டிட்டேன் மைமூனு. பத்து மணிக்கு மேல வா, சொல்லுதேன்" என்றாளாம். வீட்டு வேலை முடித்து அவள் வந்தபோது மணி 10.25.

மூன்றாவது அடி என்ன என்று உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

"ராகத்தையாவது எனக்குச் சொல்லிக் கொடு" என்றேன்.

"சும்மா நின்னா எனக்கே வர மாட்டேங்குது அண்ணாச்சி. மெஷின் ஓடணும். அதுல ஏறித்தான் வரும்."

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. வடிவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். தெருவில் வெடிச் சத்தம். மைமூன் வீட்டுக்கு அதிரசம் கொடுத்தனுப்பினேன், கடையில் வாங்கியது.

தபால் ஆபீஸ் அம்மாள் வாழ்த்துச் சொல்ல வந்தாள். சொன்னபடி பழைய ஜாக்கெட்தான். வடிவு இடது கையை நீட்டி, அந்த ஜாக்கெட்டின் தோள்பட்டைத் தையலைத் தடவிப் பார்த்தாள்.

நவம்பர் 13, திங்கள்

காலை 10 மணிக்குத் தையல் அறைக் கதவைத் திறந்தேன். வடிவை நாற்காலியோடு நகர்த்தி மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். மைமூன் ஜன்னலோரம்.

பெடலை மிதித்தேன். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. நூல் அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. மறுபடி மிதித்தேன், மறுபடி பின்பக்கம்.

"சரி! சரி! சரி!" என்று வடிவு கத்தினாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பார்த்துக் கத்தியது இதுதான் முதல் முறை. என் கையை ஓங்கி அடித்துத் தள்ளிவிட்டு, இடது கையை நீட்டி மேல்சக்கரத்தைத் தன் பக்கமாக உருட்டிவிட்டாள். அப்படி உருட்டித்தான் தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

மைமூன் நூலைக் கழற்றிவிட்டாள். "வெறும் மெஷினா ஓடட்டும். மிதிங்க."

மிதித்தேன். தடதடத்தது, நின்றது, மறுபடி வடிவு உருட்டிவிட்டாள். ஐந்தாவது முறை பிடிபட்டது. குதிகால், முன்பாதம், குதிகால், முன்பாதம். மைமூன் முதல் அடியை முனகினாள். இப்போது எனக்குக் கேட்டது: "ராசா"வின் நீளம் என்பது சக்கரம் இரண்டு சுற்றுப் போகிற நேரம். மூச்சை நான் தப்பாகக் கணக்கிட்டிருக்கிறேன்.

வடிவின் இடது கை மெஷின் பலகையில் தட்டத் தொடங்கியது. உதடு அசைந்தது.

"ஊரு..."

பெடலில் என் கால் நின்றுவிட்டது.

"நிப்பாட்டாதீய அண்ணாச்சி!" மைமூன் போட்ட சத்தத்தில் ஜன்னலில் இருந்த காக்கை பறந்தது.

மிதித்தேன். "ஊருச் சேதி அள்ளி வரும்" என்று வந்தது. குரல் கரகரத்தது. "ராசா" சுத்தமாக வந்தது. பித்தானில் தடுக்கிற்று, சக்கரம் ஒரு சுற்றுக் காத்திருந்தது, பிறகு அதுவும் வந்தது. மைமூன் பாடுவதை நிறுத்திவிட்டாள். வடிவு தனியாகப் பாடினாள்.

இரண்டாவது அடியை என் முகத்தைப் பார்த்தே பாடினாள். நான் பெடலைப் பார்க்கவில்லை. கேட்டுப் போக யாரு என்று இரண்டு முறை பாடினாள். கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டது. மிதித்தேன்.

பத்து நிமிடம் கழித்து மெஷினை நிறுத்தினேன். "தண்ணி வேணுமா?" என்றேன்.

"சரி" என்றாள்.

நவம்பர் 15, புதன்

வடிவு நேற்றும் இன்று காலையும் இரண்டு அடிகளையும் மெஷின் ஓட்டத்தில் முழுமையாகப் பாடினாள். போனில் பதிவு செய்ததை பெனிட்டா மூன்று முறை கேட்டாள். மெஷின் இல்லாமல், கையைத் தட்டி மட்டும், "ஊருச் சேதி" வரை அவள் முன்னால் வந்தது. படப் பலகை இப்போதைக்கு இல்லை. தகவல்: பெனிட்டா, காலை 11.40.

ராகம் இல்லாமல் பேச்சு வருமா என்று கேட்டேன். இன்னும் தெரியாது என்றாள். பாட்டோடு நின்றுவிடுகிறவர்களும் உண்டு. அடுத்த சோதனை டிசம்பர் 6, புதன், காலை 11 மணி.

மாலை நாலரைக்கு மறுபடி மெஷினில் உட்கார்ந்தேன். மைமூன் இல்லை. இரண்டு அடியும் முடிந்த பிறகும் வடிவின் கை தட்டுவதை விடவில்லை. நானும் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். நான் கேட்டறியாத வரி ஒன்று வந்தது:

எழுதி எழுதி ஓஞ்சு வரும் கையி – நீ

அங்கே நின்றாள். உதடு தேடியது. கை தட்டிக்கொண்டே இருந்தது. மூன்று சுற்று, நான்கு, பத்து. வரவில்லை. என் கால்முட்டியில் அவளே கையை வைத்து நிறுத்தினாள். கோபம் இல்லை.

"நீ" மேல் வரியில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. "கையி"க்கு ஒத்து வரும் சொற்களை எழுதிப் பார்த்தேன்: பையி, நெய்யி, பொய்யி, தையி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு வருகிறது. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். ஊகத்தை எழுதுவதில்லை.

மூன்றாவது அடியின் இரண்டாவது வரி நிலுவையில் இருக்கிறது. அதை அறிந்தவர் ஒருவர்தான். நாளை காலை பத்து மணிக்கு மெஷினில் உட்காருகிறேன்.